பார்க்காத இடத்துக்குத் தீட்டிய சிவப்பு

விழித்திரைச் சிறப்புப் பயிற்சிக்கு இந்த ஆண்டு சேர்ந்திருக்கும் உங்கள் ஆறு பேருக்கும் முன்னால் என்னைப் பேசச் சொன்னார்கள். அறுவைசிகிச்சை பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. நான் கையால் செய்து பழகியவற்றில் பாதி இன்று வழக்கத்திலேயே இல்லை. மீதியை உங்கள் ஆசிரியர்கள் என்னைவிட நன்றாகச் செய்கிறார்கள். நான் உங்கள் இடத்தில் இருந்தபோது செய்த ஒரு தப்பைச் சொல்கிறேன்.

எழுபதுகளின் நடுப்பகுதி. காரைக்குடியில் ஒரு குடும்ப அறக்கட்டளை சின்னதாக ஒரு கண் ஆஸ்பத்திரி நடத்திவந்தது. இருபது படுக்கை இருக்கும். அங்கே விழித்திரைக்கென்று தனிப் பிரிவைத் தொடங்கியவர் ஒரு பெண் மருத்துவர். வெளிநாட்டில் பயிற்சி முடித்து, மதராஸில் கூப்பிட்டும் போகாமல், பிறந்த ஊருக்கே திரும்பியவர். என்னைவிட ஆறு வயதுதான் மூத்தவர். நாங்கள் அவரை மேடம் என்று கூப்பிடுவோம். தனக்குத் தெரிந்ததை இன்னொருவருக்கும் கற்றுக்கொடுக்க வேண்டும் என்று இரண்டு வருடப் பயிற்சிக்கு ஆள் எடுத்தார். அந்த முதல் ஆள் நான். எனக்கு முன்னால் யாரும் படித்ததில்லை என்பதால், ‘அவனைப் பார், எப்படிச் செய்கிறான்’ என்று ஒருவரைக் காட்டி என்னை அடக்கி வைக்கவும் ஆள் இல்லை.

உங்களோடு வந்திருக்கும் வீட்டார்களுக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். விழித்திரை என்பது கண்ணின் உள்சுவரில் ஒட்டியிருக்கும் மெல்லிய சவ்வு. அதில் ஓட்டை விழுந்தால் அதன் வழியே நீர் புகுந்து, சவ்வு சுவரைவிட்டுப் பிரிந்துவிடும். பார்வையில் திரை விழுந்ததுபோல் இருக்கும். ஓட்டையைக் கண்டுபிடித்து அடைத்தால் மறுபடி ஒட்டிக்கொள்ளும். ஆனால் இருக்கிற எல்லா ஓட்டைகளையும் அடைக்க வேண்டும். ஒன்று பாக்கி இருந்தாலும் நீர் அதன் வழியே புகும்.

அதனால் எங்களுக்குப் படம்தான் எல்லாம். நோயாளியை மல்லாக்கப் படுக்கவைத்து, தலையில் விளக்கை மாட்டிக்கொண்டு, கையில் பூதக்கண்ணாடி பிடித்து, இமைக்கு மேலே சின்னக் குச்சியால் அழுத்தி அழுத்தி உள்ளே ஓரம் முழுவதும் பார்க்க வேண்டும். பார்க்கப் பார்க்கக் காகிதத்தில் வரைய வேண்டும். ஒட்டியிருக்கும் இடம் சிவப்பு. பிரிந்த இடம் நீலம். ஓட்டை என்றால் நீலக் கோட்டுக்குள் சிவப்பு. நான் நன்றாக வரைவேன். என் படங்களில் இரண்டை மேடம் வகுப்புச் சுவரில் ஒட்டிவைத்திருந்தார். அதில் எனக்குப் பெருமை உண்டு. அந்தப் பெருமைக்கும் நான் சொல்லப்போவதற்கும் தொடர்பு உண்டு.

ஐப்பசி மழைக்காலத்தில் ஒருநாள் காலை ஒரு பஸ் டிரைவர் காக்கிச் சட்டையோடு வந்தார். முத்துக்கருப்பன் என்று பெயர். வயது நாற்பத்து மூன்று. கீழச்சிவல்பட்டிக்காரர். காரைக்குடியிலிருந்து திருப்பத்தூர் வழியாகத் திருக்கோஷ்டியூர் போகும் தனியார் பஸ்ஸை இருபது வருடமாக ஓட்டிக்கொண்டிருந்தவர். வண்டியை ஸ்டாண்டில் நிறுத்திவிட்டு நேரே வந்திருந்தார்.

“மூணு நாளா வலது கண்ணுல மின்னல் வெட்டுச்சு தம்பி. மழைக் காலந்தானே, வெளியிலதான் மின்னுதுன்னு இருந்துட்டேன். இன்னைக்கு விடிஞ்சதுலேருந்து மூக்குப் பக்கமா, கீழேருந்து கருப்பா ஒரு திரை ஏறுது.”

“இதோடயா வண்டி ஓட்டிக்கிட்டு வந்தீங்க?”

“அதான் இன்னொரு கண்ணு இருக்குல்ல” என்று சிரித்தார்.

கண்ணின் நடுப்பகுதி இன்னும் பிரியவில்லை. நாம் படிப்பதும் முகம் பார்ப்பதும் அந்த நடுப்பகுதியால்தான். அது பிரிவதற்குள் அடைத்துவிட்டால் பார்வையை முழுதாகக் காப்பாற்றலாம். அப்படியே படுக்கவைத்து, வீட்டுக்குச் சேதி சொல்லக் கண்டக்டரிடம் ஆள் அனுப்பினோம். மத்தியானம் அவர் மனைவி அழகம்மாள் ஒரு கூடையோடு வந்து சேர்ந்தார்.

அன்று மத்தியானம் நான்தான் படம் போட்டேன். பத்தே நிமிடத்தில் காதுப் பக்கத்து மேல்மூலையில், குதிரை லாடம்போல் கிழிந்த ஓட்டை ஒன்று அகப்பட்டது. சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. அதை வரைந்துவிட்டு மற்ற இடங்களைச் சுற்றிவந்தேன். மூக்குப் பக்கத்து மேல்மூலைக்கு வந்தபோது அவரால் தாங்க முடியவில்லை. அங்கே அழுத்தினால் வலி அதிகம். “ஆத்தா” என்று கத்திவிட்டார். அந்த நேரம் பார்த்துக் கரண்டும் போனது. திரும்பி வந்தபோது விளக்கு மஞ்சளாக மங்கி எரிந்தது. வெளியே நாற்பது பேர் காத்திருந்தார்கள்.

“முடிஞ்சிருச்சா தம்பி?” என்றார்.

“முடிஞ்சிருச்சு” என்றேன்.

மேஜைக்கு வந்து உட்கார்ந்தேன். படத்தில் கால்வாசி இடம் வெள்ளையாக இருந்தது. அதைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை. சிவப்புப் பென்சிலை எடுத்து நிரப்பினேன். பெரிய ஓட்டை ஒன்று கிடைத்துவிட்டது, பிரிந்திருப்பதும் அந்தப் பக்கம்தான், இந்தப் பக்கம் நன்றாகத்தான் இருக்கும் என்று எண்ணிக்கொண்டேன். அரை நிமிட வேலை. அதில் இரத்தக்குழாய்கள்கூடப் போட்டேன்.

மேடம் படத்தைப் பார்த்து, “நல்லா வந்திருக்கு” என்றார். லாட ஓட்டையை மட்டும் தன் கண்ணால் சரிபார்த்துக்கொண்டு மறுநாள் காலை அறுவைசிகிச்சை செய்தார். கண்ணின் வெளிச்சுவரில் சிலிக்கோன் பட்டை வைத்துத் தைத்து, ஓட்டையை உள்ளே அமுக்கி மூடும் சிகிச்சை. அந்தக் காலத்தில் அதற்குப் பிறகு இரண்டு கண்ணையும் கட்டி, தலையின் இருபுறமும் மணல் பைகளை வைத்து, அசையாமல் படுக்கச் செய்வோம். மூன்றாம் நாள் கட்டைப் பிரித்தபோது விழித்திரை நன்றாக ஒட்டியிருந்தது. அழகம்மாள் என்னைப் பார்த்துக் கும்பிட்டார். நானும் ஏற்றுக்கொண்டேன்.

ஐந்தாம் நாள் காலை கட்டை மாற்றும்போது முத்துக்கருப்பன் மெதுவாகச் சொன்னார்:

“தம்பி, திரும்பவும் திரை ஏறுது. இந்தத் தடவ மூக்குப் பக்கமில்ல. காதுப் பக்கமா ஏறுது.”

கண்ணுக்குள் எல்லாம் தலைகீழ். காதுப் பக்கம் கீழேயிருந்து திரை ஏறுகிறது என்றால், பிரிந்திருப்பது மூக்குப் பக்கத்து மேல்மூலை. நான் பார்க்காமல் சிவப்படித்த இடம்.

மேடம் முக்கால் மணி நேரம் பார்த்தார். பிறகு விளக்கைக் கழற்றி என் தலையில் மாட்டி, “பாருங்க” என்றார். கடுகளவு ஓட்டை ஒன்று அங்கே இருந்தது. கண்ணின் நடுப்பகுதியும் அதற்குள் பிரிந்திருந்தது.

மேடம் தன் அறைக்குள் போய் என் படத்தை மேஜையில் விரித்தார். அந்தச் சிவப்பின்மேல் விரலை வைத்தார்.

“இந்த இடத்தப் பாத்துட்டுத் தவறவிட்டீங்களா, இல்ல பாக்கவே இல்லையா?”

பார்த்தேன் என்று சொல்லியிருக்கலாம். கடுகளவு ஓட்டையைத் தவறவிடுவது அந்தக் காலத்தில் யாருக்கும் நடக்கும். யாரும் என்னைக் குற்றம் சொல்லியிருக்க மாட்டார்கள்.

“பாக்கல மேடம்.”

அவர் படத்திலிருந்து விரலை எடுத்தார். பிறகு, “தவறவிட்டிருந்தா எப்படிப் பாக்கணும்னு நான் சொல்லிக்குடுத்திருப்பேன். இதுக்கு என்ன சொல்லிக்குடுக்கன்னு எனக்குத் தெரியல” என்றார்.

“அவர்கிட்ட நான் சொல்லிர்றேன்” என்றேன்.

“நானும் வர்றேன். உங்க படத்த நம்பி நான் சுத்திப் பாக்காம விட்டேன். அத நான்தான் சொல்லணும்.”

முத்துக்கருப்பனின் இரண்டு கண்ணும் கட்டியிருந்தது. அவரால் என் முகத்தைப் பார்க்க முடியாது என்பதில் எனக்கு ஒரு கேவலமான நிம்மதி இருந்ததை மறைக்க விரும்பவில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் பாயில் அழகம்மாள் உட்கார்ந்திருந்தார்.

“அண்ணே, உங்க கண்ணுல ரெண்டு ஓட்ட இருந்திருக்கு. நான் ஒண்ணத்தான் பாத்தேன். ரெண்டாவது இருந்த பக்கத்த நான் பாக்கவே இல்ல. பாத்த மாதிரி எழுதிட்டேன். அதனாலதான் திரும்பப் பிரிஞ்சிருக்கு.”

அழகம்மாள்தான் கேட்டார்: “அவுக வலிக்குதுன்னு கத்துனாகளே, அதுனாலயா?”

இதை நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நோயாளிகள் நல்லவர்கள். நீங்கள் தப்பிக்க ஒரு வழியை அவர்களே எடுத்துக் கொடுப்பார்கள். ‘ஆமாம்’ என்ற ஒரு சொல் போதும், பழி அவர் கணவர்மேல் போய்விடும். அவரும் ஏற்றுக்கொள்வார்.

“இல்லங்க. அவர் கத்துனாலும் நான் பாத்திருக்கணும். அன்னைக்கு முடியலன்னா மறுபடி படுக்கவச்சுப் பாத்திருக்கணும்” என்றேன்.

மேடமும் தன் பங்கைச் சொன்னார். எல்லாம் கேட்ட பிறகு முத்துக்கருப்பன் ஒன்றே ஒன்று கேட்டார்: “இன்னொருக்காப் பண்ணுனா வண்டி ஓட்டலாமா?”

“முயற்சி பண்றோம். சொல்ல முடியாது” என்றார் மேடம்.

இரண்டாவது பட்டை மதராஸிலிருந்து வர ஒன்பது நாள் ஆயிற்று. இரண்டாம் சிகிச்சையில் விழித்திரை முழுவதும் ஒட்டியது. ஆனால் நடுப்பகுதி அத்தனை நாள் பிரிந்து கிடந்துவிட்டது. இரண்டு மாதம் கழித்துப் பார்த்தபோது அந்தக் கண்ணால், கை நீட்டும் தூரத்தில் விரல்களை எண்ண முடிந்தது. அவ்வளவுதான்.

மாசி பிறந்தது. மேடம் மதுரைக்கு ஒரு கூட்டத்துக்குப் போயிருந்த நாளில் முத்துக்கருப்பன் வந்தார். சலவை செய்த காக்கிச் சட்டை. கையில் பஸ் கம்பெனியின் தாள் ஒன்று. அழகம்மாள் வாசலோடு நின்றுகொண்டார்.

“திருக்கோஷ்டியூர்த் தெப்பத்துக்கு ஸ்பெஷல் வண்டி விடுறாக தம்பி. ஆளு பத்தல. டாக்டரு கண்ணு சரியா இருக்குன்னு எழுதிக் குடுத்தாப் போதும், சீட்டுல ஏறிக்கன்னு மொதலாளி சொல்லிட்டாக.”

நான் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“இருபது வருசமா இதே ரோடு. பிள்ளையார்பட்டி வளைவுல எங்குட்டுப் பள்ளம், எங்குட்டு மேடுன்னு கண்ண மூடிக்கிட்டுச் சொல்லுவேன். எடது கண்ணு நல்லாத்தானே இருக்கு?” தாளை மேஜையில் என் பக்கம் நகர்த்திவிட்டுச் சொன்னார்: “நீங்க பண்ணுனதுக்கு நான் ஒண்ணுமே கேக்கல. ஒரு கையெழுத்துத்தான் கேக்குறேன்.”

பேனாவை எடுத்துவிட்டேன். உண்மையாகச் சொல்கிறேன், போட்டுவிடத்தான் எடுத்தேன். அந்த ஒரு நிமிடத்தில் எத்தனை நியாயங்கள் வரிசையாக வந்து நின்றன தெரியுமா? அனுபவசாலி, பழகிய சாலை, ஒரு கண் முழுப் பார்வை, வீட்டில் நான்கு வயிறு. எல்லாவற்றுக்கும் மேலாக, போட்டுவிட்டால் இவர் முகத்தை நான் நிமிர்ந்து பார்க்கலாம்.

கையெழுத்துக்கு முன்னால் அவரை எதிரே உட்காரவைத்து, நேராக என் மூக்கைப் பார்க்கச் சொன்னேன். அந்தப் பேனாவையே அவருடைய வலப்பக்கம் தள்ளிப் பிடித்து, மெதுவாக உள்ளே கொண்டுவந்தேன். தெரிந்ததும் சொல்லச் சொல்லியிருந்தேன். பேனா வந்துகொண்டே இருந்தது. அவர் சொல்லவில்லை. பாதித் தூரம் தாண்டிய பிறகுதான், “இந்தா, தெரியுது” என்றார். நம் ஊரில் எதிர்வண்டி வருவதும் முந்துகிற வண்டி போவதும் டிரைவரின் வலப்பக்கம். தெப்பத்து நாளில் அந்த பஸ்ஸில் படிக்கட்டு வரை பிள்ளைகுட்டிகளோடு சனம் தொங்கும். நானே அப்படிப் போயிருக்கிறேன்.

பேனாவை மூடினேன். “முடியாதுண்ணே” என்றேன்.

“என்ன சொல்றீக?”

“என்னால இதுல கையெழுத்துப் போட முடியாது. நீங்க பஸ் ஓட்டக் கூடாது.”

அவர் முகம் சுருங்கியது. சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

“தப்புப் பண்ணுனது நீங்க. தண்டன மட்டும் எனக்கா?”

அதற்கு என்னிடம் பதில் இல்லை. இன்றுவரை இல்லை. இப்படிப்பட்ட கேள்விகள் உங்களிடமும் வரும். அப்போது எதையாவது பேசி அந்த இடத்தை நிரப்பாதீர்கள். நான் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர் தாளை மேஜையிலேயே விட்டுவிட்டு எழுந்து போனார். அழகம்மாள் உள்ளே வந்து அதை எடுத்து மடித்துக்கொண்டு பின்னால் போனார். என்னைப் பார்க்கவில்லை.

மறுநாள் பஸ் முதலாளிக்கு நான் ஒரு கடிதம் எழுதினேன். முத்துக்கருப்பன் இனிப் பயணிகள் வண்டி ஓட்டத் தகுதி இல்லாதவர். ஆனால் இது அவர் குற்றமில்லை. முதல் பரிசோதனையில் நான் ஒரு பகுதியைப் பார்க்காமல் விட்டதே காரணம். இருபது வருடம் உழைத்தவருக்கு வேறு வேலை கொடுக்க வேண்டுகிறேன். மதுரையிலிருந்து திரும்பிய மேடத்திடம் அதைக் காட்டினேன்.

இரண்டு முறை படித்தார். “இது வெளியில போனா நம்ம கதவ இழுத்து மூட வேண்டி வந்தாலும் வரும். தெரியுதா?” என்றார்.

“தெரியுது மேடம்.”

பேனாவை எடுத்தார். நான் எழுதியதை அடிக்கப்போகிறார் என்று நினைத்தேன். ‘நான்’ என்று எழுதியிருந்த இடத்தை அடித்து, ‘நாங்கள்’ என்று மாற்றினார். அடியில் முதலில் தன் கையெழுத்தைப் போட்டுவிட்டு என்னிடம் நீட்டினார்.

அந்த வாரம் சொட்டு மருந்து வாங்க அழகம்மாள் மட்டும் வந்தார். கடிதத்தை அவருக்குப் படித்துக் காட்டினேன்.

“மொதலாளி இத ஊரெல்லாம் படிச்சுக் காட்டுவாகளே” என்றார்.

“காட்டட்டும்.”

கையை நீட்டினார். “குடுங்க. அவுக வாங்கமாட்டாக. நானே கொண்டு போறேன்” என்று மடியில் செருகிக்கொண்டார்.

முதலாளி ஊரெல்லாம் காட்டத்தான் செய்தார். ஆனால் வேலையும் கொடுத்தார். திருப்பத்தூர் பஸ் ஸ்டாண்டில் வண்டிகள் வரும் நேரம், போகும் நேரம் குறிக்கும் வேலை. முத்துக்கருப்பன் அதில் சேர்ந்தார். எங்களுக்கு ஏழெட்டு மாதம் கூட்டம் குறைந்தது. ஒரு பெரியவர் என் நாற்காலிக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டு, “நீங்கதான் படத்தத் தப்பாப் போட்டவுகளா? அப்ப நான் அந்த அம்மாட்டயே காட்டிக்கிறேன்” என்று எழுந்து போனார். உள்ளுக்குள் எரிந்தது. ஆனால் அவர் கேட்டது பொய்யில்லை.

உங்களுக்கு நான் சொல்ல வந்தது இதுதான். தப்பு நடந்த பிறகு, அதை ஈடுகட்ட வேண்டும் என்று மனம் துடிக்கும். அந்தத் துடிப்பை நம்பாதீர்கள். அது பெரும்பாலும் உங்கள் நிம்மதிக்காகத் துடிப்பது. அன்று நான் கையெழுத்துப் போட்டிருந்தால் என் தப்புக்கான விலையைப் படிக்கட்டில் தொங்கிய யாரோ கொடுத்திருப்பார்கள். விலை உங்களுடையது என்றால் உங்கள் பெயரிலிருந்து, உங்கள் வரும்படியிலிருந்து கொடுங்கள். அப்படிக் கொடுத்தாலும் மன்னிப்பு கிடைக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். திருப்பத்தூர் ஸ்டாண்டில் நான் பஸ் ஏறும்போதெல்லாம் முத்துக்கருப்பன் முகத்தைத் திருப்பிக்கொள்வார். வருடக்கணக்கில் அப்படித்தான்.

இப்போது உங்களிடம் ஒரே நொடியில் கண் முழுவதையும் படமெடுக்கும் இயந்திரங்கள் இருக்கின்றன. அவையும் ஓரத்தை விடும். நீங்கள் பார்க்காத இடத்தை வெள்ளையாகவே விட்டு, ‘பார்க்கவில்லை’ என்று எழுதி வையுங்கள். அடுத்து வருகிறவர் பார்த்துக்கொள்வார். பயிற்சியில் இதைவிடக் கஷ்டமான பாடம் ஒன்றும் இல்லை என்பேன்.

பயிற்சி முடிந்தும் நான் அங்கேயே வேலைக்குத் தங்கிவிட்டேன். எழுபதுகள் முடியும் சமயம். ஒருநாள் காலை வராந்தாவில் அழகம்மாளின் குரல் கேட்டது. எட்டிப்பார்த்தேன். முத்துக்கருப்பன் பெஞ்சில் நேராகப் படுத்திருந்தார். தலையை அசைக்காமல் நர்ஸிடம் பேசிக்கொண்டிருந்தார். இடது கண்ணில், அந்த நல்ல கண்ணில், ஒரு மணி நேரத்துக்கு முன் மின்னல் வெட்டியிருக்கிறது. ஸ்டாண்டில் வேலையைப் போட்டுவிட்டு அடுத்த பஸ்ஸிலேயே கிளம்பி வந்துவிட்டார்.

நர்ஸ், “டாக்டரம்மா உள்ள இருக்காங்க, கூப்பிடுறேன்” என்றார்.

“அவுகளும் பாக்கட்டும். மொதல்ல அந்தத் தம்பி பாக்கட்டும்” என்றார் முத்துக்கருப்பன்.

“வேண்டாங்க” என்றேன் நான் வாசலில் நின்றபடி. “மேடமே பாக்கட்டும்ணே.”

அவர் என் பக்கம் திரும்பாமல் மேலே பார்த்தபடியே சொன்னார்: “பாக்காம விட்டா என்னாகும்னு அவுகளவிட ஒங்களுக்குத்தான் நல்லாத் தெரியும். வாங்க.”

ஒரு மணி நேரத்துக்கு மேல் பார்த்தேன். மூக்குப் பக்கம் அழுத்தியபோது அவர் பல்லைக் கடித்துக்கொண்டார். நான் நிறுத்தி, அவர் மூச்சு விட்டதும் மறுபடி அழுத்தினேன். சின்னக் கிழிசல் ஒன்று அகப்பட்டது. விழித்திரை இன்னும் பிரியத் தொடங்கவில்லை. மேடம் தனியாக உட்கார்ந்து முழுவதும் சுற்றிப் பார்த்து, வேறெதுவும் இல்லை என்று உறுதி செய்தார். அன்று மத்தியானமே கிழிசலைச் சுற்றிக் குளிர்க்கருவியால் உறையவைத்து ஒட்டினோம். வண்டி ஓட்டத்தான் முடியவில்லையே தவிர, அந்தக் கண்ணோடு அவர் கடைசிவரை வேலை பார்த்தார்.

சிகிச்சை முடிந்து நல்ல கண்ணைக் கட்டியிருந்ததால் அவருக்கு ஒன்றும் சரியாகத் தெரியவில்லை. வார்டுக்கு நான்தான் கூட்டிப்போனேன். என் தோளில் ஒரு கையை வைத்துக்கொண்டு பின்னால் வந்தார். அழகம்மாள் கூடையைத் தூக்கிக்கொண்டு பக்கத்தில் நடந்தார். எனக்கு மனசு நிலைகொள்ளவில்லை. கால் தன்னால் வேகமாகப் போயிற்று.

தோளில் இருந்த கை என்னைச் சற்றுப் பின்னால் இழுத்தது.

“மெதுவா ஓட்டுங்க தம்பி. பின்னால பாசஞ்சர் இருக்கு” என்றார் முத்துக்கருப்பன்.